திங்கட்கிழமை உடைத்த துண்டு

"சாம்பிள் எப்படி உடைந்தது?" என்று, தன் விமானத்தின் இறக்கைச் சட்டத்தை எங்கள் பட்டறையில் ஒட்டக் கொடுத்திருந்தவர் தொலைபேசியில் கேட்டார். "மரத்தில்தான்" என்றேன். "நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டார். இவ்வளவுதான் பேச்சு. பத்து விநாடிகூட இருக்காது. இரண்டு குளிர்காலம் போய்விட்டது, இன்னும் அதையே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மரத்தில் உடைவது என்றால் நல்ல செய்தி. சாம்பிள் என்பது பசையைச் சோதிக்க ஒட்டிப் பார்க்கும் துண்டு. அதை வைஸில் இறுக்கி, மூட்டில் உளியை வைத்துத் தட்டினால் மரம் கிழிய வேண்டும், பசை விடக் கூடாது. இரண்டு முகத்திலும் நார் நாராக மரம் நிற்க வேண்டும். அன்று காலை நான் உடைத்த துண்டு அப்படித்தான் உடைந்தது. ஆகவே நான் பொய் சொல்லவில்லை.

அவருடையது பீட்டன்போல் ஏர் கேம்பர். 1929இல் மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் ஃபோர்ட் மொடல் ஏ காரின் எஞ்சினைப் பூட்டிப் பறக்கவிட்ட அதே மர விமானத்தை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தன் கராஜில் கட்டிக்கொண்டிருந்தார். ரிப், அதாவது இறக்கையின் விலாச் சட்டங்கள், எல்லாம் அவரே செய்தார். இறக்கையின் நீளத்துக்கு முதுகெலும்புபோல ஓடும் ஸ்பார் மட்டும் எங்களிடம் வந்தது. இறக்கை இருபத்தொன்பது அடி. அந்த நீளத்துக்கு முடிச்சில்லாத சிட்கா ஸ்புரூஸ் ஒரே பலகையாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு. இரண்டு பலகையைச் சாய்வாக வெட்டி ஒட்ட வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு சாய்வு. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு அடி நீளச் சாய்வு. அந்தச் சாய்வைச் சீவி எடுப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன். இரண்டு முகத்தையும் சேர்த்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒரு கோடுகூடத் தெரியாது. முனை வெங்காயத் தோல்போல மெலிந்து நிற்கும். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் வந்தது.

பசை ரெசோர்சினால். பழைய ஆட்கள் இன்னும் அதைத்தான் நம்புகிறார்கள், தண்ணீருக்கும் வெயிலுக்கும் அசையாது என்று. ஆனால் அதற்கு இரண்டு பிடிவாதம்: மூட்டு இடைவெளியே இல்லாமல் பொருந்த வேண்டும், பட்டறை 21 பாகைக்குக் கீழே இறங்கக் கூடாது. எப்பொக்சிப் பசை ஓரளவு மன்னிக்கும். இது மன்னிக்காது. வெள்ளி மூன்றரைக்குக் கிளாம்ப் போட்டேன். அதே கலவையில், அதே மரத்தின் வெட்டுத் துண்டில் ஒரு சாம்பிளும் ஒட்டினேன். நாலரைக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது சாம்பிளைக் கையோடு எடுத்துப்போய் ஒஃபீஸ் அலுமாரித் தட்டில் வைத்தேன். திகதியும் வேலை எண்ணும் பென்சிலால் எழுத வேண்டும், பட்டறையில் விட்டால் தூசிக்குள் தொலைந்துவிடும். வேறு எந்த எண்ணமும் இல்லை.

அந்தத் தட்டுக்குக் கீழேதான் சுவரோரமாக ஹீட்டர் ஓடுகிறது.

முதலாளி ஏழு மணிக்குப் போகும்போது பட்டறையின் தெர்மோஸ்டாட்டை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஜனவரி மாத கேஸ் பில் அப்படி. பசை போட்டிருக்கிறேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. கிளாம்ப் நிற்பதைப் பார்த்தாலே தெரியாதா என்று பிறகு கோபப்பட்டேன். ஆனால் எங்கள் பட்டறையில் கிளாம்ப் நிற்காத நாள் ஏது?

திங்கள் காலை சுவர் வெப்பமானியில் 13 பாகை. கையுறை போட்டுக்கொண்டுதான் கிளாம்பைக் கழற்றினேன். ஓரத்தில் பிதுங்கிய பசை கல்லாக இருந்தது, நகத்தால் கீறியும் பார்த்தேன். அப்புறம் ஒஃபீஸுக்குப் போய்ச் சாம்பிளை எடுத்து வந்து உடைத்தேன். மரம். பத்து மணிக்கு அவர் போன்.

குளிர் என்று எனக்குத் தெரியும். சாம்பிள் சூட்டில் இருந்ததும் தெரியும். இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தேனா என்பதுதான் கேள்வி. செவ்வாய் மாலை பஸ்ஸில் வரும்போதுதான் பொறி தட்டியது என்று என்னை நானே சமாதானப்படுத்தி வைத்திருக்கிறேன். ஸ்பாரோடு கூட இருந்து அதே குளிரைத் தின்றால்தானே அது சாம்பிள்? என்னுடையது ஒரு நல்ல மரத்துண்டு, அவ்வளவுதான். ஆனால் திங்கள் பத்து மணிக்கே உள்ளே எங்கோ இது தெரிந்திருந்ததோ என்றும் சந்தேகம் வருகிறது. நான் அவரோடு பேசியது ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் நான் சொன்ன வாக்கியத்தில் "தான்" இல்லை. மனதில் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் "மரத்தில்தான்" என்று வருகிறது. யாரும் சந்தேகப்படாதபோது அந்தத் "தான்" எதற்கு?

புதன்கிழமை அவர் வந்து ஸ்பாரை ஏற்றிக்கொண்டு போனார். நானே தூக்கிக் கொடுத்தேன்.

கூட வேலை செய்யும் தம்பியிடம் மட்டும் சொன்னேன். "அண்ணை, சாம்பிள் மரத்திலைதானே உடைஞ்சது? நீங்கள் பொய் சொல்லேல்லையே. பிசின் காய்ஞ்சு கல்லா நிண்டதெண்டு நீங்களே சொல்லுறியள். பிறகென்ன?" என்றான். அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அதுதான் உறுத்தியது. முதலாளியிடம் போனேன். சாம்பிள் தேறியது, பதிவில் இருக்கிறது, விடு என்றார்.

அந்த நாட்களில் இரவில் பழைய கதைகளைத் தேடித் தேடி வாசித்தேன். இரண்டாம் உலகப் போரில் மொஸ்கிட்டோ என்ற மர விமானம், எங்கள் ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூவிலேயே ஆயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். 1944இல் இந்தியாவில் பறந்த மொஸ்கிட்டோக்கள் சில இறக்கை முறிந்து விழுந்தன. முதல் விசாரணை பசையில் குற்றமில்லை, மழைக்காலத்து ஈரம்தான் என்றது. பின்னால் வந்த விசாரணை தொழிற்சாலையில் கட்டிய விதத்தில்தான் பிழை என்றது. பெரிய மனிதர்கள், முறிந்த இறக்கையையே மேசையில் வைத்துக்கொண்டு ஒத்துப்போக முடியவில்லை. இது எனக்கு ஆறுதலா, பயமா என்று தெரியாமலே வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பிள் எங்கே இருந்தது, பட்டறை எத்தனை பாகை, எல்லாம். அவர் ஏற்கெனவே வார்னிஷ் அடித்து, ரிப்களைக் கோத்துப் பார்த்திருந்தார். நல்லவேளை, ஒட்டவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "ஏன் திங்கட்கிழமையே சொல்லவில்லை?" என்றார். "அப்போது யோசிக்கவில்லை" என்றேன். இந்தப் பதிலும் அந்த "மரத்தில்தான்" போலவே. பொய்யென்று சொல்ல முடியாது.

சனிக்கிழமை அவருடைய கராஜுக்குப் போனேன். மூட்டை அவரே அறுத்தார், நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். வார்னிஷ் மினுங்கிய பலகை. வாள் இறங்கும்போது எழுந்த ஸ்புரூஸ் வாசனை எனக்கு எப்போதும் பிடிக்கும், அன்று பிடிக்கவில்லை. ஒவ்வொரு அங்குலமாக நாலு துண்டு, மிச்சம் ஒரு சின்னத் துண்டு. வைஸில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்தோம். நாலும் முழுக்க மரம். வெள்ளை நார் முள்முள்ளாக நின்றது. "பார்த்தாயா" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

கடைசித் துண்டில், ஓரமாக, பெருவிரல் நகமளவுக்கு மரமே இல்லை. வெறும் பசை. வெற்றிலை போட்டுத் துப்பிய நிறம், கண்ணாடி மினுக்கம். அவர் அதை ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பிடித்திருக்குமா, பிடித்திருக்காதா?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்றும் தெரியவில்லை. அது குளிரால் வந்ததுதானா? ஓரத்தில் ஒரு கிளாம்ப் சரியாக இறுகாமலும் இருந்திருக்கலாம். வெங்காயத் தோல்போல என்று நான் பெருமைப்பட்ட அதே முனையில் சீவுளி ஒரு இழை கூடப் போயிருக்கலாம். அப்படியானால் சாம்பிள் எங்கே இருந்திருந்தாலும் இது அதில் தெரிந்திருக்காது. நான் ஒன்பது நாள் புழுங்கியது வேறொரு குற்றத்துக்காக. ஒரு நகமளவு வெற்றுப் பசைக்காகவா நல்ல ஸ்புரூஸை அறுத்துப் போட்டோம் என்று சில நாள் தோன்றும். அந்தத் துண்டு என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும் நாளில் அப்படித் தோன்றாது.

மரத்தின் பாதி விலையை முதலாளி ஏற்றுக்கொண்டார், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். வசந்தத்தில் விமானக்காரர் புதுப் பலகைகளோடு வந்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. "சாய்வை மட்டும் சீவித் தாருங்கள், ஒட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். சொந்தமாகக் கட்டும் விமானத்தில் பாதிக்கு மேல் கட்டுபவரின் கைவேலையாக இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அதற்காகச் சொன்னாரா, வேறு எதற்காகவுமா என்று நான் கேட்கவில்லை.

சீவிக் கொடுத்தேன். வெட்டுத் துண்டு ஒன்றைச் சணல் கயிற்றால் பலகையோடு சேர்த்துக் கட்டியும் விட்டேன். அவர் முடிச்சை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, பலகையைத் தன் வண்டிக்கு மேல் ஏற்றினார்.