மேம்படுத்தல் ஒன்றரை மணி நேரம், முன்னேற்பாடு மூன்று மாலை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு வெகு முன்பிருந்தே திரையில் எட்டிப்பார்த்த அறிவிப்புகளை "பிறகு பார்க்கலாம்" என்று மூடிக்கொண்டே வந்தவன் நான். சாக்குகள் தீர்ந்த பிறகுதான், விண்டோஸ் 11-க்கு மாற ஒரு மாலை உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுக் கணினி 2018-இல் வாங்கியது. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி, 8 ஜி.பி. ராம். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ராமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் போதும் என்பதால், தேறிவிடும் என்று நம்பித் தகுதிச் சோதனைச் செயலியை ஓட்டினேன். தேறவில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்றது. நம்பகமான மென்பொருளை மட்டுமே துவங்க விடும் செக்யூர் பூட்டும் இல்லையாம். புதுக் கணினிகளின் விலைகளை அரை மணி நேரம் மேய்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டி.பி.எம். தனிச் சில்லாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இன்டெல் கணினிகளில் பி.டி.டி. என்ற பெயரிலும், ஏ.எம்.டி. கணினிகளில் எஃப்.டி.பி.எம். என்ற பெயரிலும் அது உள்ளேயே இருக்கும். என்னுடையதில் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்புத் திரையில், அணைந்து கிடந்தது, அவ்வளவுதான்.

உடனே பயாஸுக்குள் நுழையக் கை துறுதுறுத்தது. முதலில் நகல் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். நல்லவேளை! வெளி வன்தட்டில் "குடும்பப் படங்கள்" என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு நகல் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அதை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்கினேன். அதை வேறொரு கணினியில் செருகித் திறந்தால், படம் ஒன்றுகூட இல்லை. முகப்புத் திரையில் இருந்த குறுக்குவழிச் சின்னத்தை மட்டும் நகலெடுத்து வைத்திருக்கிறேன். அதன் அளவே சில கிலோபைட்தான். படங்களோ 140 ஜி.பி.! எங்கள் கணினியிலேயே செருகிப் பார்த்திருந்தால் குறுக்குவழி சமர்த்தாக மூலப் படங்களைக் காட்டி என்னை மறுபடியும் ஏமாற்றியிருக்கும். அன்றைய மாலை முழுவதும் உண்மையான நகலெடுப்புக்கே போய்விட்டது. அதையும் அதே வேறு கணினியில் திறந்து, ஆண்டுக்குப் பத்துப் படமாவது பார்த்தேன். அப்பாவின் பழைய கடிதங்கள் பாமினி எழுத்துருவில் இருந்ததால் எழுத்துருக் கோப்பையும் சேர்த்துக்கொண்டேன். அது இல்லாவிட்டால் அந்தக் கடிதங்கள் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

இரண்டாம் மாலை பயாஸ். பி.டி.டி.யை இயக்கினேன். அதே வேகத்தில் கணினி துவங்கும் பழைய லெகசி முறையை, செக்யூர் பூட்டுக்குத் தேவையான புதிய யு.இ.எஃப்.ஐ. முறைக்கு மாற்றிச் சேமித்தேன். கருந்திரை, துவக்குவதற்கு வட்டு எதுவும் இல்லை என்று ஒரு வரி. வியர்த்துவிட்டது. தவறு என்னுடையதுதான். வட்டு எம்.பி.ஆர். என்ற பழைய பகுப்பு அமைப்பில் இருக்கும்போது யு.இ.எஃப்.ஐ. முறையில் விண்டோஸ் துவங்காது. முதலில் வட்டை ஜி.பி.டி. என்ற புதிய பகுப்பு அமைப்புக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகே பயாஸ். பழைய முறைக்கே திரும்பினேன். கணினி ஒன்றும் நடக்காததுபோல் எழுந்தது. விண்டோஸுடனேயே வரும் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்ற கட்டளைக் கருவி, கோப்புகளை அழிக்காமல் வட்டை மாற்றித் தருகிறது. அதைச் சோதனை நிலையில் ஒருமுறை ஓட்டி, தடை இல்லை என்று தெரிந்த பிறகே உண்மையாக ஓட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு யு.இ.எஃப்.ஐ., செக்யூர் பூட் இரண்டையும் இயக்கினேன்.

மனைவியின் மடிக்கணினியில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் அதில், சாவியின்றி யாரும் கோப்புகளைப் படிக்க முடியாதபடி காக்கும் வட்டு மறையாக்கம் இயங்கிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட கணினியில் பயாஸைத் தொட்டால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதைத் தாளில் எழுதி அலமாரியில் வைத்தேன். அந்தக் கணினிக்குள்ளேயே சேமிப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதுபோல.

மூன்றாம் மாலை இடம் ஒழிப்பதிலும் மேம்படுத்தலிலும் கழிந்தது. சி டிரைவில் 11 ஜி.பி.தான் மிச்சம் இருந்தது. பதிவிறக்கக் கோப்புறையைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டே 40 ஜி.பி. வரை ஒழித்தேன். மேம்படுத்தல் தானாகவே நடந்தது. மூன்று முறை மறுதொடக்கம், ஒன்றரை மணி நேரம். அச்சுப்பொறிக்கு மட்டும் டிரைவரை மறுபடி நிறுவ வேண்டியிருந்தது.

பிடிக்கவில்லை என்றால் பழைய பதிப்புக்குத் திரும்பப் பத்து நாள் அவகாசம் உண்டு. அதற்குத் தேவையான விண்டோஸ்.ஓல்டு கோப்புறை இருபது ஜி.பி.க்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தும் அதில் கைவைக்கவில்லை. பதினோராம் நாள் அது தானே போய்விட்டது.