எலும்பு கூடும் வரை

ஜூன் 9, திங்கள்

அப்பச்சியின் கால் எக்ஸ்ரே படத்தில் முறிவுக் கோடு இன்னும் அப்படியே தெரிகிறது.

ஜூன் 10, செவ்வாய்

அப்பச்சியின் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அவர் காலிலேயே முறிந்த இடத்தில் வைக்கலாம் என்கிறார் டாக்டர். எடுத்த இடத்திலும் நெடுநாள் வலி இருக்கக்கூடும் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. சுண்ணச்சத்து நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புதிய எலும்பு உருவாகிறது என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் 1965-இல் காட்டிவிட்டார். அப்படித் தசையிலேயே எலும்பை வரவழைப்பது எலும்புக்குள் இருக்கும் ஒரு புரதம்; அது எலும்பு முறிந்த இடத்தில் ஏன் உதவாது?

ஜூன் 12, வியாழன்

உதவுகிறது, ஆனால் தங்குவதில்லை. பி.எம்.பி-2 என்னும் அந்தப் புரதத்தைத் தனியே செலுத்தினால் விரைவில் கரைந்து போய்விடும். அதனால் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தாலான பஞ்சில் நனைத்து வைக்கிறார்கள். அமெரிக்காவில் முதுகெலும்புக்கு 2002-இலும், கீழ்க்காலில் தோலும் கிழிந்த திறந்த முறிவுக்கு 2004-இலும் அனுமதி கிடைத்தது. பஞ்சும் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவதால், உடம்பு நானோகிராமில் சுரப்பதை மில்லிகிராமில் வைக்க நேர்கிறது. கழுத்துப் பகுதி முதுகெலும்பில் வைத்தவர்களுக்குத் தொண்டை வீங்கி மூச்சுத் திணறியதாக 2008-இல் எச்சரிக்கையே வந்தது. குறை புரதத்தில் இல்லை, அதைச் சுமக்கும் பொருளில்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

ஆத்தா பிரண்டைத் துவையல் அரைத்தார். அப்பச்சி நன்றாகச் சாப்பிட்டார்.

ஜூன் 16, திங்கள்

புரதத்தைச் சுமக்க, உடம்புக்குள் கரையும் பாலிமர் இருக்கிறது என்றேன். முகப்பில் படுத்தபடியே அப்பச்சி கேட்டார்: “கரைந்துபோகிற பொருளை எதற்கப்பா உள்ளே வைக்க வேண்டும்?” இரும்புத் தகடு பாரத்தைத் தானே தாங்கிக்கொண்டால் அதன் கீழுள்ள எலும்பு மெலியும் என்றும், கரையும் பாலிமர் பாரத்தையும் இடத்தையும் மெல்ல மெல்ல எலும்பிடமே ஒப்படைக்கும் என்றும் சொன்னேன். லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களைச் சரிபாதியாகச் சேர்த்த பி.எல்.ஜி.ஏ. என்னும் பாலிமர், ஈரத்தில் தன் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து ஓரிரு மாதங்களில் கரையும். பாலிகேப்ரோலாக்டோன் என்னும் இன்னொரு பாலிமர் இரண்டு ஆண்டுக்கு மேலும் கிடக்கும். முந்திக் கரைந்தால் பள்ளம், பிந்தினால் எலும்புக்கு இடமில்லை. கரையும்போது உள்ளே தேங்கும் அமிலம், பத்திரமாகப் பொதிந்த புரதத்தையே கெடுக்கவும் கூடும். சர்க்கரை உள்ளவருக்கு எலும்பு மெதுவாகத்தான் கூடும். அப்பச்சியின் எலும்புக்கு எந்த வேகம் பொருந்தும் என்பதே என் கவலை.

ஜூன் 17, செவ்வாய்

சர்க்கரை கூடியிருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

இரத்தக் குழாயை வளர்க்கும் காரணி முதலில், எலும்பை வளர்ப்பது பின்னர் என வரிசையாக வெளியிடும்படி, மருந்து நிரப்பிய நுண்ணுருண்டைகளை, எலும்பு பற்றி வளரும் துளையுள்ள பாலிமர் சாரத்துக்குள் பொதிகிறார்கள். குழாய்கள் நுழைய ஏறத்தாழ 300 மைக்ரான், அதாவது 0.3 மில்லிமீட்டர், துளை வேண்டும். இவையெல்லாம் பெரும்பாலும் விலங்குச் சோதனை அளவிலேயே நிற்கின்றன. டாக்டரிடம் கேட்டேன், கையில் இருப்பது இடுப்பெலும்புதான் என்றார்.

ஜூன் 20, வெள்ளி

சம்மதித்துவிட்டோம். சர்க்கரை இறங்கியதும் மதுரைக்குப் போக வேண்டும்.