லைக்கன் தின்னாத லைக்கன் அந்து

வட கரோலினாவில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வெள்ளை வேட்டியைக் கட்டி, விளக்குப் போட்டு, வந்து உட்காரும் அந்துப்பூச்சிகளைப் பார்ப்பது என் கோடைக்காலப் பைத்தியம். போன ஜூனில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று வந்தது. சாம்பல் கலந்த வெள்ளை இறகில் கறுப்புக் கோடுகள்.

கைபேசிச் செயலி ஐந்து பெயர் சொன்னது. ஐந்தும் ஒத்து வரவில்லை. லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து மரப்பட்டையில் படரும் உயிர்; அதைப் புழுப் பருவத்தில் தின்பவை லைக்கன் அந்துகள். பார்வைக்கு அந்த மாதிரி இருந்ததால், வட அமெரிக்க அந்துகளுக்கு ஹாட்ஜஸ் 1983இல் போட்ட பட்டியலில் அந்தப் பகுதியை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் படம் தேடினேன். அரை மணி நேரத்தில் ஆள் அகப்பட்டது: கோமக்காரா கேட்பரியை (Comachara cadburyi) என்ற இனம். 1939இல் ஃபிராங்கிள்மான்ட் பெயர் வைத்தது. அந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான். (சாக்லேட் நினைவு வந்தது, மறைப்பானேன்.) சரி, முடிந்தது என்று என் நோட்டில் லைக்கன் அந்துகளுக்கான பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

முடியவில்லை. லாஃபோன்டெய்னும் ஷ்மிட்டும் 2010இல் போட்ட பட்டியலில் லைக்கன் அந்துகள் எரிபிடே குடும்பத்துக்குப் போயிருந்தன. அந்தக் கூட்டத்தில் இதைக் காணோம்! புரட்டிப் புரட்டிப் பார்த்தால் நாக்டூயிடேயில், அதாவது ஆந்தை அந்துக் குடும்பத்தில், அக்ரோனிக்டினே துணைக்குடும்பத்தில் இருக்கிறது. இறகைப் பார்த்து இதை நம்ப எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் ஜூலையில் இதே இனத்தில் ஒரு பெண் அந்து கிடைத்தது. மூடியில் துளையிட்ட சிறு குப்பியில் விட்டதும் முட்டை வைத்தது. பொரித்த புழுக்களில் பாதியை லைக்கன் படர்ந்த பட்டையோடு ஒரு டப்பாவில் போட்டேன். மீதிக்கு வேலியோரத்து டுபெலோ மரத்தின் இளந்தளிர். லைக்கன் டப்பாவில் இருந்தவை அதைச் சீண்டவே இல்லை, மூடியைச் சுற்றியே அலைந்தன. மறுநாள் பாவம் பார்த்து அவற்றுக்கும் தளிர் வைத்தேன். டுபெலோ தின்னும் இன்னொரு ஆந்தை அந்தும் இங்கே உண்டு, ஹீப்ரு அந்து என்பார்கள். புதிய பட்டியலில் அதுவும் அக்ரோனிக்டினேதான். என் சந்தேகம் அங்கே தீர்ந்தது. இரண்டு டப்பாவை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது ஆராய்ச்சி ஆகாது, தெரியும். என் நோட்டுக்கு அது போதும்.

பழைய வரியை அடித்துவிட்டு அக்ரோனிக்டினே பக்கத்தில் ஹீப்ரு அந்துக்குக் கீழே எழுதினேன். ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் மட்டும் இன்னும் கேட்பரியின் லைக்கன் அந்துதான்.