புரோலாக்கும் ஆயாவின் மொய் நோட்டும்

பைத்தான் படித்தால் வேலை கிடைக்கும், ஜாவா படித்தால் வரன் கிடைக்கும் என்பது பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவின் நம்பிக்கை. எனக்கு இரண்டும் ஏற்கெனவே அமைந்துவிட்டதால், யாரும் சீண்டாத கணினி மொழியாகத் தேடிப் புரோலாக்கைப் பிடித்தேன். 1972இல் பிரான்சின் மார்சேய் நகரில் அலேன் கோல்மெரோரும் பிலிப் ரூசெலும் உருவாக்கியது. 1982இல் ஜப்பான் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, இந்த வகைத் தர்க்க நிரலாக்கத்தை நம்பித்தான் இறங்கியது. இப்போது நம்பி இறங்கியிருப்பவன் நான்.

மற்ற மொழிகளில் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லித் தொலைக்க வேண்டும். இதில் தெரிந்த உண்மைகளையும் விதிகளையும் எழுதிவிட்டுக் கேள்வி கேட்டால் போதும். விடை தேடுவது அதன் பாடு. பயிற்சிக்கு வழக்கமாக எடுப்பது குடும்ப உறவுகள். தமிழிலேயே எழுதலாம். மாறியின் பெயர், அதாவது விடை வந்து உட்கார வேண்டிய இடத்துக்கு வைக்கும் பெயர், பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பார்கள்; நம்மிடம் பெரிய எழுத்து ஏது? முன்னால் ஓர் அடிக்கோடு போட்டால் ஏற்றுக்கொள்கிறது.

"பெற்றவர்(ஆயா, அப்பா)." என்று தொடங்கினேன். அப்பாவைப் பெற்றவர் ஆயா என்று பொருள். கடைசியில் வரும் அந்தப் புள்ளி முக்கியம். அதை வைக்காவிட்டால் நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று நினைத்து மௌனமாகக் காத்திருக்கும். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இந்தப் பண்பு கிடையாது.

ஒரே பெற்றவருக்குப் பிறந்தவர்கள் உடன்பிறப்புகள் என்று விதி எழுதினால், நானே எனக்கு உடன்பிறப்பு என்கிறது. இருவரும் வேறு வேறு ஆட்கள் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டுமாம். சொன்ன பிறகு தம்பி இரண்டு முறை வந்தான்: அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று.

மாமாவிடம் வந்தபோதுதான் மொழியின் அருமை விளங்கியது. அம்மாவின் தம்பி எனக்கு மாமா. அவர்தான் என் அக்காவைக் கட்டியவர். அந்த வகையிலும் மாமா. "மாமா யார்?" என்று கேட்டால் அவர் பெயர் வந்தது. அரைப்புள்ளியைத் தட்டினால் அடுத்த விடை. மறுபடியும் அவரே. பிரெஞ்சுக்காரர்கள் இதையெல்லாம் எதிர்பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொருக்குப்பேட்டை அத்தை வந்தார். ஆயாவின் தங்கை மகள். ரயில்வே கேட்டில் காத்துக்கிடந்த எரிச்சலோடு வந்தவர், "எங்கே, நான் உங்களுக்குச் சொந்தமா என்று கேள்" என்றார். கேட்டேன். "ஃபால்ஸ்" என்றது.

அத்தை வழியை இன்னும் உள்ளே ஏற்றவில்லை. புரோலாக்குக்குத் "தெரியாது" என்று சொல்லத் தெரியாது; நிரூபிக்க முடியாதது எல்லாம் அதற்குப் பொய். இதை அத்தைக்கு விளக்கினேன். அவர் காபியைத் தொடவில்லை.

"அவள் எனக்குச் சொந்தம் என்றால் நானும் அவளுக்குச் சொந்தம். அதையும் எழுதடா" என்றார் ஆயா. தர்க்கப்படி குற்றம் சொல்ல முடியாத விதி. எழுதினேன். அத்தை ஆயாவுக்குச் சொந்தமா என்று அறிய, ஆயா அத்தைக்குச் சொந்தமா என்று பார்த்தது. அதை அறிய, அத்தை ஆயாவுக்குச் சொந்தமா என்று பார்த்தது. நிற்கவே இல்லை. கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தி நிறுத்தினேன்.

இதற்குப் பிறகு ஆயா கணினிப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் தம்பி கல்யாணத்து மொய் நோட்டோடு வந்து உட்கார்ந்தார். "சொல்லாதது எல்லாம் இல்லை என்கிறதே, அது சரிதானடா. நோட்டில் பெயர் இல்லை என்றால் மொய் வைக்கவில்லை. எனக்கு ஏற்ற மிஷின் இதுதான்."

உட்கார்ந்து எல்லா வரவையும் ஏற்றினேன். உறவுக்காரர்களில் மொய் பதிவாகாதவர் யார் என்று கேட்டோம். மாமா வந்தார். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டவர். அதனால் நோட்டில் இல்லை. அரைப்புள்ளியைத் தட்டினேன். மறுபடியும் மாமா.

"மோதிரம் தாய்மாமன் கணக்கில் சரியாகிவிட்டது" என்றார் ஆயா, போனை எடுத்துக்கொண்டே. "அக்கா புருஷன் மொய் எங்கே?"