ஏலகிரியில் தூளி கட்டிய சனிக்கிழமை

மே 9, வெள்ளி, மாலை 5.00

பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறத்தாழ 1,100 மீட்டர். கீழே மண்டையைப் பிளக்கிற வெயில், இங்கே வெறும் சூடு. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தங்க முடியாது. 2018 மார்ச்சில் நடந்த குரங்கணித் தீக்குப் பிறகு கெடுபிடி கூடுதல். ஆகவே பட்டா நிலம், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பலாத்தோப்பின் ஓரம்.

ஓரம் என்றால் ஓரம்தான். பலா அடிமரத்திலும் பெருங்கிளையிலும் காய்க்கும். நிழலுக்கு ஆசைப்பட்டு அடிமரத்தை ஒட்டி டென்ட் போடுகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. பத்துக் கிலோ பழம் ராத்திரி இறங்கினால் டென்ட் கம்பி தாங்காது, மண்டையும் தாங்காது.

கோடையில் இறுகிய செம்மண்ணில் டென்டோடு வரும் அலுமினிய முளை வளைந்துவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 8 அங்குல ஆணி மேல். அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டால் இறங்கும். ஆணியின் தலை டென்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அடியில் போடும் தார்ப்பாய் டென்டின் தரையைவிட நான்கு விரல் உள்ளடங்கி இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை அதுவே ஏந்தி அடியில் கொண்டுவந்து சேர்க்கும். பாதிப்பேர் 'டென்ட் ஒழுகுது' என்பது இதைத்தான்.

மே 10, சனி, காலை 6.30

முதல் விருந்தாளிகள் நாட்டுக்குரங்குகள், ஆறேழு. அவற்றை வரவைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் கவரின் சரசரப்பு. சாப்பாடு கிளிப் போட்ட எவர்சில்வர் தூக்கில், தூக்கு கார் டிக்கியில். புளியோதரைதான்: தண்ணீர் படாமல், நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறினால் ஒரு நாள் தாங்கும். தண்ணீர் ஆளுக்கு நாலு லிட்டர், இதில் கஞ்சத்தனம் கூடாது.

காலை 11.00

தூளி, அதாவது ஹேமக். இன்றைய வேலை இது ஒன்றுதான். மரம் குறைந்தது தொடை பருமன் இருக்க வேண்டும். நைலான் கயிறு பட்டையை அறுக்கும், ஆள் ஏறியதும் இழுபட்டுத் தரையைத் தொடும். இரண்டு விரல் அகலப் பட்டிதான் சரி. பட்டி மரத்திலிருந்து, கிடைமட்டத்துக்குச் சுமார் 30 பாகைச் சாய்வில் இறங்கட்டும். விறைப்பாகக் கட்டினால் மரத்துக்கும் முடிச்சுக்கும் இழுவை பல மடங்கு ஏறும், உடம்பும் வில்லாக வளையும். துணியில் நேராகப் படுக்காமல் கோணலாகப் படுத்தால்தான் முதுகு சமமாகும்.

பிழை ஒன்று: பட்டி கட்டிய மரத்தில் முசுறு எறும்பு. இலைகளை ஒட்டிக் கட்டிய கூடு மேலே பந்து போல் தொங்குகிறது. கட்டிய கால் மணி நேரத்தில் சிவப்பு வரிசை பட்டி வழியாகத் துணிக்கு வந்துவிட்டது. கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். மரத்தை மாற்றுவதுதான் தீர்வு. மருந்தடிப்பது அதன் வீட்டில் போய்ச் சண்டை போடுவது.

பிற்பகல் 3.15

கிழக்கே இருட்டிக்கொண்டு வருகிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ண வேண்டும்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். எண்ணிக்கை முப்பது விநாடிக்குக் கீழே வந்தால் தூளியும் வேண்டாம், மரத்தடியும் வேண்டாம், டென்டும் வேண்டாம். கார்தான், கண்ணாடி ஏற்றிவிட்டு. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே.

மாலை 5.00

மழை ஓய்ந்த மண்ணில் தம்பலப்பூச்சி. பட்டாணி அளவு, செக்கச்செவேல், வெல்வெட் துணியில் தைத்த மாதிரி. சங்கப் பாட்டில் 'மூதாய்' என்று வருவது இதுதான். விரலை வைத்தால் காலை மடக்கிக்கொண்டு செத்தது போல் கிடக்கிறது, அரை நிமிஷத்தில் மறுபடி நடை.

அடுப்பு: காற்றுத் தடுப்பு கேஸ் டப்பாவைச் சுற்றி வளைக்கக் கூடாது, சூடேறினால் வெடிக்கும். காற்று வரும் ஒரு பக்கம் மட்டும் போதும். இந்த உயரத்தில் தண்ணீர் 96 பாகைக்கருகிலேயே கொதித்துவிடும்; அரிசியை அரை மணி ஊறவைத்தால் நறுக்கரிசி இல்லாமல் வேகும்.

இரவு 8.00

எதிர்பார்த்தபடி ஈசல். விளக்கு டென்டிலிருந்து பத்தடி தள்ளி, மஞ்சள் ஒளியில். காரணம் ஈசல் மட்டுமல்ல: ஈசலுக்குத் தேரை வரும், தேரைக்குப் பாம்பு வரும். அதோ தேரை வந்தாயிற்று. ஒவ்வொரு ஈசலை விழுங்கும்போதும் கண்ணை மூடுகிறது. ருசியில் அல்ல, கண் உருண்டை உள்ளே இறங்கி இரையைத் தொண்டைக்குத் தள்ளுகிறது.

ஜிப் இரண்டும் முழுக்க மூடியிருக்க வேண்டும், 'ஒரு நிமிஷந்தானே' என்பது கிடையாது. கட்டுவிரியன் தரையில் தூங்குபவரின் படுக்கைக்கே வரும், கடித்தது பல சமயம் வலிக்கவும் செய்யாது.

மண்பாதையில் டார்ச் அடித்தால் இரண்டு சிவப்புத் தணல். பக்கி, இரவுப் பறவை. காலடி வரும்வரை கல்லைப்போல் இருந்துவிட்டுச் சத்தமில்லாமல் எழும்புகிறது. கொஞ்சம் தள்ளிப் போய்க் குரல்: கோலிக்குண்டு சிமெண்ட் தரையில் துள்ளித் துள்ளி அடங்குவது மாதிரி.

மே 11, ஞாயிறு, காலை 7.00

ராத்திரி ஈரத்தில் கயிறெல்லாம் தளர்ந்திருக்கிறது. வெள்ளியன்று கல்லால் அடித்தும் முரண்டு பிடித்த ஆணி இரண்டு விரலுக்கே வருகிறது. மழை நின்றதும் ஒரு சுற்று எல்லாவற்றையும் இறுக்கியிருக்க வேண்டும். காற்றடித்திருந்தால் டென்ட் எழும்பியிருக்கும்.

செருப்பைத் தட்டிப் போட வேண்டும். தார்ப்பாயைக் கையால் அள்ளாமல், ஓரத்தைக் கம்பால் தூக்க வேண்டும். தூக்கியதும் அடியில் கருந்தேள், கொடுக்கை மடித்துக்கொண்டு. வெயில் பட்டதும் தானாகவே பலா வேருக்கடியில் நுழைந்தது. தார்ப்பாய் காய இன்னும் அரை மணி ஆகும்.