அகல் விளக்கு வைத்த எறும்புக் கூடு: மூன்றாவது முயற்சி

வீட்டில் எறும்பு வளர்க்க மூன்று கூடு கட்டி, அதில் இரண்டைக் குப்பையில் போட்ட பிறகு இதை எழுதுகிறேன். மூன்றாவதுக்கு இன்று 41ஆவது நாள். உள்ளே ஒரு ராணி, 36 வேலைக்காரிகள். 37ஆகவும் இருக்கலாம், எண்ணி முடிக்கும் வரை யாரும் ஓர் இடத்தில் நிற்பதில்லை.

எல்லாம் நம் ஊர்க் கட்டெறும்புதான். போன ஜூலையில் மாலை மழை விட்டதும், மடிப்பாக்கத்தில் எங்கள் வாசல் விளக்குக்குக் கீழே ராணியைப் பிடித்தேன். ஈசல் கும்பலுக்கு நடுவே இறக்கையை உதிர்த்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள். ஈசல் கறையான் இனம். அதற்கு இடுப்பு ஒடுங்கியிருக்காது, மீசை நேராக இருக்கும். எறும்பு ராணிக்கு இடுப்பு நூல் மாதிரி, மீசை முழங்கை போல மடிந்திருக்கும். பாரிமுனையில் வாங்கிய சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்து இறுக்கமாகப் பஞ்சு, அப்புறம் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. அப்படியே துணி சுற்றி அலமாரிக்குள் வைத்தேன். சாப்பாடு போட வேண்டியதில்லை. இனிமேல் பறக்கப் போவதில்லை என்பதால் இறக்கைத் தசைகளைக் கரைத்தே முதல் ஈட்டை வளர்த்துவிடுவாள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் முதல் வேலைக்காரி வந்தாள்.

அக்டோபரில் முதல் கூடு. ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் பிள்ளைகள் விளையாடும் கிளேயை அறை அறையாக ஒட்டி, இரண்டு பங்கு பிஓபிக்கு (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றினேன். இறுகும்போது டப்பா கையில் சுடும், பயப்பட வேண்டாம். கவிழ்த்து எடுத்து, கிளேயைப் பிடுங்கி, மேலே கண்ணாடி. அத்தை பார்த்துவிட்டு, “எறும்புக்குன்னுதான் தினம் அரிசி மாவுல கோலம் போடறேன், இப்ப வீடும் கட்டித் தரணுமா?” என்றார். கட்டி முடித்த அழகில் எனக்கே பெருமை. வாரம் இருமுறை சிரிஞ்சால் மேலாகத் தண்ணீர் விட்டேன். நவம்பர் மழையில் காற்றிலேயே ஈரம் சொட்டிக்கொண்டிருக்க, நான் வேறு ஊற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் சுவரெல்லாம் கருப்புப் புள்ளி, பூஞ்சை. வெயிலில் நன்றாகக் காயவிடாமல் குடியேற்றியது முதல் தப்பு. எல்லா அறையிலும் ஒரே மாதிரி ஈரம் இருந்ததுதான் பெரிய தப்பு, ஆனால் அது எனக்கு அப்போது புரியவில்லை.

இரண்டாவது, ஏஏசி பிளாக்கில், அதாவது சுவர் கட்டும் நுண்துளை நிறைந்த லேசான கான்கிரீட் கல்லில். பக்கத்துத் தெருவில் கட்டடம் எழும்புகிறது, உடைந்த துண்டைக் கேட்டதும் கொடுத்தார்கள். ஸ்க்ரூடிரைவராலேயே குடைந்துவிடலாம், தூசிக்கு மட்டும் மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் குடிக்கும் வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். குடித்த வேகத்திலேயே ஆறு பக்கத்திலிருந்தும் ஆவியாக விட்டுவிட்டது. இரண்டு நாளில் வரட்டி மாதிரி ஆனது. வெளிப்புறத்துக்குப் பெயின்ட் அடித்ததும் கொஞ்சம் தேவலை. ஆனால் ஊற்றியது எங்கள் போர் தண்ணீர். ஒரு மாதத்தில் அறைச் சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பு அங்கேயே தங்கி, கல்லின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. இப்போது எறும்புக்கும் கேன் தண்ணீர்தான்.

இந்த இரண்டாவது கூட்டில்தான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு நாள் அவசரத்தில் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் விட்டுவிட்டுப் போனேன். மாலை வந்து பார்த்தால் வீட்டையே பிரித்து வைத்திருந்தார்கள். முட்டையும் குட்டிப் புழுக்களும் ஈரமான மூலையில். பழுப்பு உறைக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் காய்ந்த பக்கம், அரிசி மூட்டை அடுக்கிய மாதிரி. முட்டை கொண்டு எறும்பு திட்டை ஏறினால் மழை என்பார்களே, அதில் ‘முட்டை’ என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த உறைகளைத்தான். நிஜ முட்டை கண்ணுக்குச் சரியாகக்கூடத் தெரியாது. ஆக, எவ்வளவு ஈரம் வேண்டும் என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. ஒரு முனை நனைந்து, மறுமுனை காய்ந்து இருந்தால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இது புது யோசனை ஒன்றும் கிடையாது. சார்ல் ஜானே என்ற பிரெஞ்சுக்காரர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பிளாஸ்டர் கட்டியில் வரிசையாக அறைகள் வைத்து, ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழியும் வைத்திருக்கிறார்.

பிரச்சினை, அந்த ஒரு முனைக்கு நான் மறந்தாலும் தண்ணீர் போய்க்கொண்டிருக்க வேண்டும். பஞ்சுத் திரி வைத்துப் பார்த்தேன், நாறியது. அப்போதுதான் கார்த்திகைக்குக் கொசப்பேட்டையில் வாங்கி மிஞ்சிய பெரிய அகல்கள் கண்ணில் பட்டன. மண்பானை வேர்க்கிற மாதிரி அகலும் வேர்க்கும் அல்லவா? ஐந்து அகலில் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மூன்றுக்குக் கீழே தாள் வட்டமாக நனைந்திருந்தது. நான்காவதுக்குக் கீழே தாள் கிழியும் அளவுக்கு ஊறல், அது சரியாக வேகாதது போலிருக்கிறது. ஐந்தாவதின் அடியில் சொட்டு ஈரம் இல்லை. மோந்து பார்த்தேன், நல்லெண்ணெய் வாசனை. போன வருஷம் ஏற்றிய விளக்கு, துளையெல்லாம் எண்ணெய் குடித்திருக்கிறது. எனவே ஏற்றாத அகல்தான் வேண்டும். பெயின்ட் அடித்ததும் ஆகாது.

அளவாக வேர்த்த ஒன்றை டப்பாவின் ஓரத்தில் பதித்து, அதிலிருந்து வரிசையாக நான்கு அறைகள் விட்டு பிஓபி ஊற்றினேன். அகலுக்கும் முதல் அறைக்கும் நடுவே ஒரு விரல் கனம் சுவர். இதற்கு முன் ஒத்திகை பார்த்ததில் அரை சென்டிமீட்டர்தான் விட்டிருந்தேன், அறைத் தரையில் தண்ணீர் தேங்கிவிட்டது. இந்த முறை டப்பாவை விட்டுக் கட்டியை வெளியே எடுக்கவில்லை. பக்கவாட்டில் ஆவியாகாமல் பிளாஸ்டிக்கே காக்கிறது. ஒரு வாரம் மொட்டை மாடி வெயிலில் காயவைத்த பிறகே குடியேற்றம். அகலுக்கு மூடி கட்டாயம், ஆவியாவதைத் தடுக்க மட்டும் இல்லை. எங்கள் தெருவில் கொசுப்புழு இருக்கிறதா என்று பூந்தொட்டித் தட்டைக்கூடத் தூக்கிப் பார்க்கிறார்கள். மூடியில் ஓர் ஓட்டை, அதன் வழியே சிரிஞ்ச்.

அகல் 60 மில்லி பிடிக்கிறது. ஒன்பது நாளைக்கு ஒரு தடவை நிரப்புகிறேன். முதல் அறைக் கண்ணாடியில் மட்டும் லேசான பனி. ஏசி போட்டால் கண்ணாடி குளிர்ந்து பனி கூடும், அப்போது உள்ளே ஒன்றும் தெரியாது. ஒரு துணியை மேலே போட்டால் சரியாகிவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஈரச் சுவரைக் கடித்துத் துருவி, இரை போடும் டப்பாவில் வெள்ளைக் குருணையாகக் கொட்டுகிறார்கள். இந்த வேகத்தில் போனால் சுவர் எத்தனை மாதம் தாங்குமோ. ஏறி வெளியே போகாமல் இருக்க, அந்த டப்பாவின் விளிம்பில் டால்கம் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசியிருந்தேன். போன வாரம் ஒரு நாள் மழை மூட்டம், பவுடர் ஈரம் இழுத்துப் பொருபொருவென்று உதிர்ந்துவிட்டது. சமையலறையிலிருந்து அத்தை குரல்: “ஏம்மா, உன் பசங்க சர்க்கரை டப்பாவுல இருக்காங்க, வந்து கூட்டிட்டுப் போ.” ஒன்பது பேரை மயிலிறகால் திரட்டிக்கொண்டு வந்தேன். விளிம்பில் இப்போது வாசலின்.

இன்று காலை நிலவரம்: முட்டையும் சின்னப் புழுவும் முதல் அறையில், பெரிய புழுக்கள் இரண்டாவதில், உறைகள் நான்காவதில். மூன்றாவதை ஏனோ காலியாக விட்டு நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். அகலின் உள்பக்கம் பென்சிலால் கோடு போட்டுத் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வருகிறேன். கத்திரி வெயிலில் ஒன்பது நாள் கணக்கு ஐந்தாகக் குறைந்தால், பக்கத்தில் இரண்டாவது அகல் ஒன்றைப் பதிக்க இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறேன்.