டெல் போட்ரோவின் முழங்கால்

நவம்பர் 20, 2024

டென்னிஸ் வீரர் நடால் நேற்று ஸ்பெயினின் மலாகாவில் கடைசி ஒற்றையர் ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டார். நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையில் 4-6, 4-6 என்று தோல்வி. இன்று எங்கு பார்த்தாலும் 22 கிராண்ட் ஸ்லாம், அதில் 14 பிரெஞ்சு ஓபன் என்று கணக்குதான். எனக்கு அந்த 14-வதுதான் நினைவுக்கு வந்தது. 2022-இல் ஊசி போட்டு நரம்பை மரத்துப்போகச் செய்து, பாதத்தில் உணர்ச்சியே இல்லாமல் ஆடி ஜெயித்தார். அவரே சொன்னது. அன்றைக்கு நானும் விடிய விடியக் கொண்டாடியவன்தான்.

நவம்பர் 27

அர்ஜென்டினாவின் டென்னிஸ் வீரர் டெல் போட்ரோ தன் முழங்காலைப் பற்றிப் பேசிய வீடியோவைப் பார்த்தேன். டிசம்பர் 1-ஆம் தேதி புவெனஸ் ஐரிஸில் ஜோகோவிச்சுடன் ஒரு விடைபெறும் ஆட்டம். அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார் போல.

வயது 36. காலையில் எழுந்ததும் மாத்திரைகள். மாடிப்படி ஏறினால் வலி. 31 வயதுக்குப் பிறகு ஓடியதே இல்லையாம். காலுக்கு எட்டு அறுவை சிகிச்சை, நூறுக்கும் மேல் ஊசி. முதல் தடவை இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் செய்தார்களாம்.

2022 பிப்ரவரியில், இதுதான் கடைசி என்று எல்லோரும் நினைத்த ஆட்டத்தில், சொந்த நாட்டுக்காரர் டெல்போனிஸிடம் 1-6, 3-6 என்று தோற்று, தலைப்பட்டையை வலையில் கட்டிவிட்டுப் போனாரே, எல்லோரும் அழுதோமே? மறுநாளே யாருக்கும் சொல்லாமல் இன்னொரு அறுவை சிகிச்சைக்காக ஸ்விட்சர்லாந்து கிளம்பியிருக்கிறார். சரியாகிவிட்டால் திரும்ப ஆடலாம் என்ற ஆசை இருந்திருக்கிறது. நாம் வழியனுப்பி வைத்தோம், அவர் கிளம்பவே இல்லை.

நவம்பர் 29

இரண்டு நாளாகப் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்க்கிறேன். 2009 யுஎஸ் ஓபன் அரையிறுதியில் நடாலை 6-2, 6-2, 6-2. இறுதியில், அங்கே தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்திருந்த ஃபெடரரை ஐந்து செட்டில் வீழ்த்தினார். வயது 20. 2005 பிரெஞ்சு ஓபனில் தொடங்கி 2013 முடியும்வரை ஃபெடரர், நடால், ஜோகோவிச், மரே தவிர ஆண்கள் பிரிவில் கிராண்ட் ஸ்லாம் வென்ற ஒரே ஆள் இவர்தான்.

அடுத்த வருடமே வலது மணிக்கட்டு போனது. 2014-15-இல் இடது மணிக்கட்டில் மூன்று அறுவை சிகிச்சை. இரண்டு கையால் பேக்ஹேண்ட் (வலது கைக்காரருக்கு இடப்பக்கம் வரும் பந்தை அடிப்பது) அடிப்பவருக்கு இடது மணிக்கட்டு போனால் பாதி ஆட்டம் போன மாதிரி. திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் வந்த பந்தையெல்லாம் ஒற்றைக் கையால் ஸ்லைஸ் செய்தே, அதாவது வெட்டி விட்டே, சமாளித்தார். எதிராளிகளுக்கும் தெரியும், அங்கேயே அடித்தார்கள். அந்தப் பேக்ஹேண்டோடுதான் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜோகோவிச்சையும் நடாலையும் வீழ்த்தி வெள்ளி வாங்கினார். அதே வருடம் டேவிஸ் கோப்பை இறுதியில், இரண்டு செட் பின்தங்கியிருந்தும் குரோஷியாவின் சிலிச்சை வென்றார். கடைசி ஆட்டத்தை ஜெயித்து அர்ஜென்டினாவுக்கு முதல் கோப்பையை உறுதி செய்தது யார் தெரியுமா? டெல்போனிஸ்!

எனக்கு 2009-ஐவிட இந்த டெல் போட்ரோவைத்தான் பிடிக்கும்.

ஆனால் மணிக்கட்டு போனால் வேறு மாதிரி அடிக்கலாம். முழங்கால் போனால் பந்துக்கே போய்ச் சேர முடியாது. 2018 அக்டோபரில் ஷாங்காயில் விழுந்து முழங்கால் சில்லு உடைந்தது. 2019 ஜூனில் லண்டன் புல்தரையில் வழுக்கி மறுபடியும் அதே இடம். அத்தோடு முடிந்தது. மணிக்கட்டிலிருந்து மீண்டதுதான் முழங்காலிலும் அவரை நம்ப வைத்திருக்கும். 'விடாமல் போராடு' என்று சொன்ன எங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

டிசம்பர் 2

டெல் போட்ரோ 6-4, 7-5. ஜோகோவிச் கொஞ்சம் விட்டுக்கொடுத்துதான் ஆடியிருப்பார், அதில் என்ன இப்போது? ஃபோர்ஹேண்ட் மட்டும் அப்படியே இருக்கிறது.

மரே இடுப்பில் உலோகம் வைத்துக்கொண்டு திரும்ப ஆடவில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆடினார், 2019-இல் ஆன்ட்வெர்ப்பில் பட்டமே வாங்கினார். ஆனால் அதற்கு முன்னால் அவர் புலம்பியது சாக்ஸ், ஷூ போடக்கூட வலிக்கிறது என்றுதான். டெல் போட்ரோவுக்கும் இப்போது வேண்டியது அவ்வளவுதான். செயற்கை மூட்டு வைத்துக்கொள் என்று சில மருத்துவர்கள் சொல்கிறார்களாம், வயது குறைவு, ஐம்பது வரை பொறு என்று வேறு சிலர். எனக்கென்னவோ இப்போதே வைத்துக்கொண்டால் தேவலை என்றிருக்கிறது. ஐம்பதுக்கு இன்னும் 14 வருடம் இருக்கிறது.